ராமாபாயின் எட்டு ஆண்டுகள்: மீட்கும் விசுவாசம் எது?

பண்டித ராமாபாய் 1883 செப்டம்பர் 29ஆம் தேதி இங்கிலாந்தின் வாண்டேஜ் ஊரில் ஞானஸ்நானம் பெற்றார். வயது 25. கணவர் இறந்து ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. உடன் இருந்தது மனோரமா என்ற சின்னக் குழந்தை. சம்ஸ்கிருதப் புலமைக்காகக் கல்கத்தா பண்டிதர்களிடம் 'பண்டிதா', 'சரஸ்வதி' என்று பட்டம் வாங்கியவர், புனேயில் ஆரிய மகிளா சமாஜத்தைத் தொடங்கியவர், மதம் மாறிவிட்டார் என்ற செய்தி புனேயின் சீர்திருத்தக்காரர்களைக்கூட உலுக்கிவிட்டது. இழப்பு பெரிது. அதைத் தெரிந்தேதான் அவர் அந்த அடியை எடுத்து வைத்தார்.

ஆனால் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கழித்து, இளம் விதவைகளுக்காகச் சாரதா சதன் நடத்திக்கொண்டிருந்த காலத்தில், தனக்குக் கிடைத்திருப்பது கிறிஸ்தவ மதம்தான், கிறிஸ்து இன்னும் கிடைக்கவில்லை என்ற உணர்வு அவருக்கு வந்தது. அந்த உணர்வைத் தூண்டிய புத்தகங்களில் ஒன்று வில்லியம் ஹாஸ்லம் என்ற ஆங்கிலக் குருவின் தன்வரலாறு. 1851இல் கார்ன்வாலில், தன் சொந்தப் பிரசங்கத்தின் நடுவிலேயே மனந்திரும்பியவர் அந்தக் குரு. குருப்பட்டம் பெற்று ஊழியம் செய்துகொண்டிருந்தவருக்கே மனந்திரும்புதல் தேவைப்பட்டிருக்கிறது என்றால் தன் நிலை என்ன என்று ராமாபாய் தன்னைக் கேட்டுக்கொண்டார். 1907இல் எழுதிய சாட்சியில் இதையெல்லாம் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார்.

அப்படியானால் 1883க்கும் 1891க்கும் இடையில் அவரிடம் இருந்தது என்ன? அது விசுவாசமா, இல்லையா? மீட்கும் விசுவாசம் எது என்று சபைகள் இருபது நூற்றாண்டுகளாக நடத்திவரும் வாதம் முழுவதையும் இந்தப் பெண்மணியின் எட்டு ஆண்டுகளை முன்வைத்தே பேசிவிடலாம் என்று தோன்றுகிறது.

இது ஏட்டுக் கேள்வி இல்லை. தேகு ரோட்டிலும் கட்கியிலும் புனே கேம்பிலும் மூன்று தலைமுறையாக வாழும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் இதைக் கேட்டே வளர்ந்தவர்கள். ராணுவக் கிடங்கிலும் வெடிமருந்துத் தொழிற்சாலையிலும் ரயில்வேயிலும் வேலைக்கு வந்த குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு தங்கள் சபையையும் கொண்டுவந்தன. சாட்சி நேரத்தில் ஒருவர் எழுந்து நின்று, எந்த வருஷம், எந்தக் கூட்டத்தில், எந்தப் பாட்டின்போது இரட்சிக்கப்பட்டார் என்று தேதியோடு சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண், பிறந்து நாற்பது நாளில் ஞானஸ்நானம், பதினைந்து வயதில் திடப்படுத்தல், ஒரு ஞாயிறும் தவறாத ஆராதனை என்று வாழ்ந்தவள்; அவளிடம் சொல்வதற்கு ஒரு தேதி இல்லை. 'நீங்க ரட்சிக்கப்பட்டுட்டீங்களா?' என்று யாராவது கேட்டால் அவள் முகம் வாடிவிடுகிறது. இந்தக் கேள்வி நமக்குப் புதிதாக வந்ததும் இல்லை. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் உருவானவர். வாய் அறிக்கை போதாது, உள்ளம் உடைய வேண்டும் என்பது அவர்களுடைய அழுத்தம். அது தமிழ்ச் சபையின் எலும்பில் ஊறிவிட்டது.

சீர்திருத்த இறையியலாளர்கள் விசுவாசத்தில் மூன்று கூறுகளைப் பார்த்தார்கள். செய்தியை அறிவது முதலாவது. அது உண்மை என்று ஒப்புக்கொள்வது அடுத்தது. அந்தச் செய்தி யாரைப் பற்றியதோ அவர்மேல் தன்னைச் சாய்த்துவிடுவது மூன்றாவது. முதல் இரண்டு மட்டும் இருந்தால் அது மீட்காது என்பதற்கு அவர்கள் காட்டும் சான்று யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரம்: கடவுள் ஒருவர் என்பதைப் பிசாசுகளும் ஒப்புக்கொண்டு நடுங்குகின்றன என்று யாக்கோபு சொல்கிறார். பிசாசுகளிடம் தகவல் பிழை ஏதுமில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் சாண்டிமன், இயேசுவைப் பற்றிய உண்மையை மனம் ஒப்புக்கொண்டாலே போதும், அதற்கு மேல் எதையாவது கேட்டால் அந்த 'எதையாவது' ஒரு நற்செயலாகிக் கிருபையைக் கெடுத்துவிடும் என்று வாதிட்டார். அவருடைய கவலை நியாயமானது. ஆனால் அவர் காட்டிய வழியில் போனால் யாக்கோபின் பிசாசுகளுக்குப் பதில் சொல்ல முடியாது.

மூன்றாவது கூறுதான் மையம் என்று ஒப்புக்கொண்டால், அறிவில் சந்தேகம் இருப்பவரிடம் அந்தச் சாய்தல் இருக்க முடியுமா என்ற கேள்வி வருகிறது. ராமாபாயைக் கிறிஸ்தவத்தின் பக்கம் திருப்பியதில் நெகேமியா கோரேக்குப் பெரிய பங்கு உண்டு. காசியில் வளர்ந்த மராட்டிப் பிராமணர். நீலகண்ட சாஸ்திரி என்ற பெயரில் வாதங்களில் கலக்கியவர். 1848இல் ஞானஸ்நானம் பெற்றார். இந்துத் தத்துவத்தின் ஆறு தரிசனங்களையும் தர்க்கரீதியாக மறுத்து நூல் எழுதியவர். இப்படிப்பட்டவரை, கிறிஸ்தவத்தின் உண்மையைப் பற்றிய சந்தேகங்கள் கடைசிவரை விட்டு விட்டு வந்து வாட்டின. ஒவ்வொரு முறையும் திரும்பவும் ஆதாரங்களைப் புரட்டினார், திரும்பவும் ஜெபித்தார், 1895இல் இறக்கும்வரை குருவாகவே இருந்தார். மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தில், நோயுற்ற மகனைக் கொண்டுவந்த தகப்பன் தன் விசுவாசத்தையும் அவிசுவாசத்தையும் ஒரே மூச்சில் இயேசுவிடம் சொல்கிறான்; இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. கோரே அந்தத் தகப்பனின் வரிசையில் நிற்பவர். சந்தேகமே வராத விசுவாசம்தான் உண்மையானது என்று மேடையில் முழங்குபவர்கள் கோரேயின் வாழ்க்கையை ஒருமுறை படிக்க வேண்டும்.

விசுவாசமும் கிரியையும் பற்றிய பழைய சண்டையை இங்கே விரிக்கத் தேவையில்லை. ஆபிரகாம் கடவுளை நம்பினான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்ற ஆதியாகமம் பதினைந்தாம் அதிகாரச் செய்தியைப் பவுலும் எடுக்கிறார், யாக்கோபும் எடுக்கிறார். ஒருவர் கிரியை இல்லாமல் என்கிறார், மற்றவர் கிரியை இல்லாவிட்டால் அது செத்தது என்கிறார். லூதர் பவுலின் பக்கம் நின்றார். 1547இல் திரெந்து சங்கம், விசுவாசம் தொடக்கமும் வேரும்தான், ஆனால் அன்போடு சேராத விசுவாசம் போதாது என்று தீர்மானித்தது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் லுத்தரன் உலகச் சம்மேளனமும் ரோமும் சேர்ந்து கையெழுத்திட்ட அறிக்கை, நீதிமானாக்கப்படுவது கிருபையால் மட்டுமே, நற்செயல்கள் அதன் கனிகள் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்ட அளவை வரையறுத்தது. புனே நகரில் இந்த இரண்டு மரபுகளும் பக்கத்தில் பக்கத்தில் பாடம் நடத்துகின்றன. கண்டியில் 1893இல் நிறுவப்பட்ட பாப்பரசர் குருமடம் 1955இல் இங்கே வந்தது. யவத்மாளிலிருந்து யூனியன் பிப்ளிகல் செமினரி 1983இல் வந்தது. இரண்டு இடங்களிலும் தமிழ் மாணவர்கள் உண்டு. இந்த விஷயத்தில் இவர்களுக்கிடையே மிஞ்சியிருக்கும் இடைவெளி, மக்கள் நினைப்பதைவிடக் குறைவு.

யாக்கோபைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. செத்த விசுவாசம் என்று அவர் பேசும் அந்த அதிகாரம் எதில் தொடங்குகிறது? உட்காரும் இடத்தில். பொன் மோதிரக்காரர் கூட்டத்துக்கு வந்தால் நல்ல இடம், கந்தல் உடுத்த ஏழை வந்தால் அங்கே நில் அல்லது காலடியில் உட்கார் என்று சொல்லும் சபையைப் பார்த்துத்தான் அவருடைய வாதம் முழுவதும் கிளம்புகிறது. நம் பிரசங்கங்களில் இந்த முதல் பத்தி விடுபட்டு, பதினான்காம் வசனத்திலிருந்து படிக்கிறார்கள். விடுபடுவதற்குக் காரணம் இருக்கிறது.

திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தை எடுத்துக்கொள்வோம். 1745இல் திருவிதாங்கூர் அரண்மனை அலுவலரான நீலகண்ட பிள்ளை அங்கேதான் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். தாழ்த்தப்பட்டவர்களோடு சாதி பாராமல் பழகினார். சிறை, சித்திரவதை, ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்ட மாதங்கள், எல்லாம் கடந்து 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று வத்திக்கானில் புனிதராக அறிவிக்கப்பட்டார். அதே வடக்கன்குளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த கோவில், ஒரே பீடத்திலிருந்து இரண்டு கால்களாகப் பிரியும் கட்டடம். வெள்ளாளருக்கு ஒரு பக்கம், நாடார் முதலான மற்றவர்களுக்கு ஒரு பக்கம். பீடத்தை எல்லோரும் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. அதைக் கால்சட்டைக் கோவில் என்றே சொன்னார்கள். 1910இல் நடுத்தடுப்பு இடிக்கப்பட்டபோது வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. புராட்டஸ்டண்ட் தரப்பு சுத்தமாக இருந்ததென்று நினைக்க வேண்டாம். 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைகளில் சாதி கூடாது என்று ஆணையிட்டபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் குடும்பம் குடும்பமாகச் சபையைவிட்டு வெளியேறினார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரிய பக்திக் கவிஞர் சாதி வழக்கத்துக்காக வாதாடினார்.

அந்த இரு கால்களிலும் முழங்கால் படியிட்டவர்களுக்கு விசுவாசப் பிரமாணம் மனப்பாடம். செபமாலை விரல்களில் ஓடியது. அவர்களில் எவருக்கும் விசுவாசம் இல்லை என்று சொல்ல நான் யார்? ஆனால் யாக்கோபின் அளவுகோலை அந்தச் சுவரின் மேல்தான் முதலில் வைக்க வேண்டியிருக்கிறது. ஹிட்லரின் ஜெர்மனியில் 1937இல் இறையியலாளர் போன்ஹோஃபர் மலிவான கிருபை என்று எதைச் சாடினாரோ, அதற்குத் தமிழ்நாட்டில் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டடமே எழுப்பியிருக்கிறோம். இதன் பக்கத்தில், 1980களின் இறுதியில் அமெரிக்காவில் ஜான் மக்கார்தரும் ஜேன் ஹாட்ஜஸும், இயேசுவை இரட்சகராக ஏற்பவர் அப்போதே ஆண்டவராகவும் ஏற்றாக வேண்டுமா என்று புத்தகத்துக்குப் புத்தகம் மோதிக்கொண்டது எனக்குச் சின்ன விஷயமாகவே படுகிறது. கீழ்ப்படிதல் இல்லாத விசுவாசம் இருக்க முடியுமா என்பது நமக்குச் சாதி பிரிக்கும் கல்லறைத் தோட்டத்துச் சுவர் வடிவில் இன்றும் எதிரே நிற்கிறது.

இனி ராமாபாயிடம் திரும்பலாம். வாண்டேஜில் அவருக்கு ஞானத்தாயாக இருந்த சகோதரி ஜெரால்டினோடு அவர் நடத்திய கடிதப் போர் 1977இல் நூலாக வெளிவந்திருக்கிறது. முட்டை சேர்த்த புட்டிங்கை ராமாபாய் தொடமாட்டார். அது சாதித் திமிரின் மிச்சம் என்று ஜெரால்டின் கடிந்துகொண்டார். கழுத்தில் அணியும் சிலுவையில் லத்தீன் எழுத்து எதற்கு, சம்ஸ்கிருதம் இருக்கட்டும் என்று ராமாபாய் வாதிட்டார். திரித்துவத்தைப் பற்றியும் கன்னிப் பிறப்பைப் பற்றியும் தனக்குத் தெளியாததை ஒப்புக்கொள்ள மறுத்தார். பிராமணப் புரோகிதர்களின் நுகத்தை உதறிவிட்டு வந்தவள், இன்னொரு குருக்கள் கூட்டத்திடம் மனசாட்சியை ஒப்படைக்க முடியாது என்பது அவர் நிலை. ஜெரால்டின் கண்ணுக்கு அது அகந்தை. எனக்கு அப்படித் தெரியவில்லை. பொய்யாக ஆமென் சொல்ல மறுப்பவரிடம்தான் உண்மையான ஆமென் ஒருநாள் வரும்.

இந்த எட்டு ஆண்டுகளை அளக்க ஜான் வெஸ்லி உதவுகிறார். அவரும் குருவாகி, மிஷனரியாக அமெரிக்காவுக்குப் போய், தோற்றுத் திரும்பும் வழியில், பிறரை மனந்திருப்பப் போன தானே மனந்திரும்பவில்லை என்று நாட்குறிப்பில் எழுதினார். 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் அவருக்கு நிச்சயம் வந்தது. நம் ஊர் எழுப்புதல் கூட்டங்களில் இந்தக் கதை இங்கேயே நின்றுவிடும். ஆனால் முதிய வயதில் வெஸ்லி அந்தப் பழைய வரிகளுக்கு அடிக்குறிப்பு போட்டார்: அன்றும் தன்னிடம் விசுவாசம் இருந்தது, அது வேலைக்காரனின் விசுவாசம், மகனுடையது அல்ல என்று. இளமையில் கொடுத்த கடுமையான தீர்ப்பைத் தானே தளர்த்திக்கொண்டார்.

ராமாபாய்க்கு இது பொருந்துகிறது. 1883இல் அவரை இழுத்தவற்றில் ஒன்று, தவறிய பெண்களுக்காக வாண்டேஜ் சகோதரிகள் நடத்திய மீட்பு இல்லம். சாஸ்திரங்களில் பெண்ணுக்கு இல்லாத கருணை இங்கே இருக்கிறதே, சமாரியப் பெண்ணிடம் இயேசு இப்படிப் பேசினாரே என்று வந்தார். நல்ல மதம் என்று வந்தார், அதற்காக உழைத்தார். உழைப்பாளியின் விசுவாசம் அது. 1891இல் நேர்ந்தது வேறு: பிறரை மீட்கப் புறப்பட்ட தனக்கே மன்னிப்பு வேண்டும், அதைச் சம்பாதிக்க முடியாது, இலவசமாக வாங்கிக்கொள்ள மட்டுமே முடியும் என்ற அறிவு. தான் 1891க்கு முன் மீட்கப்படவில்லை என்று அவர் கருதியதை நான் மதிக்கிறேன். ஆனாலும் அந்த எட்டு ஆண்டும் வெறுமை என்று நான் எழுதமாட்டேன். விசுவாசத்தின் பொருள் ஒன்றேதான், கிறிஸ்து. அவரை எட்டத்திலிருந்து பிடித்த கையும் கிட்டத்தில் பிடித்த கையும் ஒரே கை.

அதன் பிறகு என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். அப்போது சாரதா சதன் புனேயில் இருந்தது. 1889இல் பம்பாயில் தொடங்கியதை அவர் மறு ஆண்டே இங்கே கொண்டுவந்திருந்தார். யாரையும் மதம் மாற்றுவதில்லை என்பது ஏற்பாடு. அவர் தன் அறையில் மகளோடு ஜெபிக்கும்போது கதவைச் சாத்தவில்லை. சில பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். 1893இல் புயல் வெடித்தது. சீர்திருத்தக்காரர்களான ரானடேயும் பண்டார்கரும் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார்கள், பெற்றோர் பெண்களைத் திருப்பி அழைத்துப் போனார்கள். கிறிஸ்தவ மிஷன் வீட்டில் தேநீர் குடித்ததற்காகப் பெரிய மனிதர்களே பிராயச்சித்தம் செய்ய நேர்ந்த ஊர் இது. ராமாபாய் கதவைச் சாத்தவில்லை.

1896–97 பஞ்சத்தில் அவர் மத்திய மாகாணங்களுக்குப் போனார். 1870களின் தென்னிந்தியப் பஞ்சத்தில் தகப்பனையும் தாயையும் அக்காவையும் சில மாதங்களுக்குள் பறிகொடுத்தவருக்கு, இலை தின்ற வயிறு எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கான பெண்களையும் சிறுமிகளையும் அழைத்துவந்தார். புனே மாவட்டத்தில், தௌண்ட் போகும் ரயில் பாதையில் இருக்கும் கேட்காவில் முக்தி இல்லம் எழுந்தது. 1900இல் குஜராத் பஞ்சத்துப் பெண்களும் சேர, ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். சாரதா சதனில் மேல்சாதி விதவைகளின் சமையல் ஆசாரத்துக்கு இடம் கொடுத்தவர் இங்கே எல்லாச் சாதிப் பெண்களையும் ஒரே கூரையின்கீழ் வைத்தார். பார்வையற்றவர்களுக்குத் தனி ஏற்பாடு, கைவிடப்பட்டவர்களுக்குக் கிருபா சதன், தறி, எண்ணெய்ச் செக்கு, அச்சகம்.

கிறிஸ்தவரல்லாத நண்பர்கள் கேட்கும் நேர்மையான கேள்வி இங்கே வருகிறது. சோறு போட்ட கையின் மதத்தை ஏற்பது விசுவாசமா? 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் திருநெல்வேலியில் ஆயிரக்கணக்கானோர் சபைக்கு வந்தபோதும் இதே கேள்வி எழுந்தது. கலப்பு நோக்கங்கள் உண்டு என்பதை அங்கே ஊழியம் செய்த பிஷப் கால்டுவெல் ஒருபோதும் மறைத்தவரில்லை. பாதுகாப்புக்காக, நியாயத்துக்காக, பஞ்சத்தில் பிழைப்பதற்காக வந்தார்கள் என்று அவரே எழுதினார். 1933இல் பிக்கெட் என்ற மிஷனரி இந்தியா முழுவதும் இத்தகைய கூட்டு மனமாற்றங்களை ஆராய்ந்து வெளியிட்ட நூலின் முடிவு கவனிக்கத்தக்கது: எந்த நோக்கத்தோடு வந்தார்கள் என்பதைவிட, வந்தபின் கிடைத்த போதனையும் பராமரிப்பும் அவர்களுடைய வாழ்க்கையை அதிகம் தீர்மானித்தன. சுவிசேஷங்களில் இயேசுவிடம் வருபவர்களில் பெரும்பாலோர் குஷ்டம் நீங்க, கண் திறக்க, பிள்ளை பிழைக்கத்தான் வருகிறார்கள். பசியால் வந்தவரின் விசுவாசத்தைச் சந்தேகிக்கும் நாம், பிறப்பால் வந்தவரின் விசுவாசத்தையோ கல்யாணத்துக்காக வந்தவரின் விசுவாசத்தையோ அதே கண்டிப்போடு சந்தேகிப்பதில்லை. ஆனால் சோற்றைக் காட்டி ஜெபத்தை வாங்குவது பாவம். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1905 ஜூன் கடைசியில் முக்தியில் எழுப்புதல் வெடித்தது. பெண்கள் அழுதார்கள், பாவங்களை அறிக்கையிட்டார்கள், பின்னர் அந்நிய பாஷைகளில் ஜெபித்தார்கள். 1860இல் திருநெல்வேலியில் அருளப்பன் தலைமையில் நடந்தது போன்றதுதான். உடனிருந்த மின்னி ஏப்ரம்ஸ் அம்மையார் எழுதிய சிறு புத்தகம் சிலி நாட்டுக்குப் போய், 1909இல் அங்கே ஒரு பெந்தெகொஸ்தே சபை பிறக்கக் காரணமானது. ஆனால் முக்தியில், பாஷை பேசினால்தான் ஆவியைப் பெற்றவர் என்று கோடு கிழிக்கவில்லை. 1746இல் அமெரிக்க இறையியலாளர் ஜோனதன் எட்வர்ட்ஸ், உணர்ச்சியின் கொதிப்பு எதையும் நிரூபிக்காது, எதையும் மறுக்கவும் செய்யாது, நிலைத்த நடத்தையைப் பாருங்கள் என்று எழுதியதோடு இது ஒத்துப்போகிறது. பாஷை பேசிய பெண்கள் மறுநாள் குருடியின் கையைப் பிடித்து நடத்தினார்களா என்பதே ராமாபாயின் அக்கறை. அவர் தன் கடைசி ஆண்டுகளை எபிரேய, கிரேக்க மூலங்களிலிருந்து எளிய மராட்டியில் வேதாகமத்தை மொழிபெயர்ப்பதில் செலவிட்டார். பஞ்சத்திலிருந்து வந்த பெண்கள் அச்சகத்தில் எழுத்துக் கோத்தார்கள். 1921இல் மகள் மனோரமா போய்ச் சேர்ந்தார். 1922 ஏப்ரல் 5 அன்று ராமாபாய் காலமானார். மராட்டி வேதாகமம் 1924இல் முழுமையாக வெளிவந்தது.

இதே மராட்டி மண்ணில் இன்னொரு வழியும் உண்டு. 1895இல் ஞானஸ்நானம் பெற்ற கவிஞர் நாராயண வாமன் திலக், பக்திக் கவி துக்காராம் என்ற பாலத்தின் மேல் நடந்தே கிறிஸ்துவிடம் வந்ததாகச் சொல்லிக்கொண்டவர். அவருடைய மனைவி லட்சுமிபாய்க்கோ அந்தப் பாலம் பயன்படவில்லை. கணவர் கிறிஸ்தவரானதும் பிரிந்து போனார். பிறகு சேர்ந்து வாழ வந்தபோதும் தன் ஆசாரத்தை விடவில்லை. தனிச் சமையல், தனித் தண்ணீர். பிரசங்கம் எதுவும் அவரை அசைக்கவில்லை. ஒருநாள் தனியே யோசித்துக்கொண்டிருந்தபோது, சாதியைக் கடவுள் படைக்கவில்லை, மனிதர்கள்தான் படைத்தார்கள் என்று மனதில் பட்டது. அன்றுமுதல் யார் கையாலும் சாப்பிடுவது என்று முடிவெடுத்தார். தன் நினைவுக் குறிப்புகளான 'ஸ்மிருதி சித்ரே'யில் இதைக் களங்கமில்லாத மராட்டியில் சொல்கிறார். ஞானஸ்நானம் அதற்குப் பிறகுதான் வந்தது.